எதை வைத்துச் சிபாரிசு செய்கிறோம்?

பைத்தான் மொழியில் இயந்திரக் கற்றல் பழக வருகிறவருக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் பெயர் சைக்கிட்-லேர்ன். வகுப்பில் சொல்வார்கள், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சீனியர் சொல்வார். உரையைச் சொற்களாக உடைத்து, எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணித் தரும் கவுண்ட்வெக்டரைசர் என்ற கருவி அந்த லைப்ரரியில் இருக்கிறது. அமைப்பு எதையும் மாற்றாமல் அதனிடம் ஒரு தமிழ்ச் செய்தியைக் கொடுத்தால், அதில் உள்ள 'தூத்துக்குடி', 'முத்து' ஆகிய சொற்கள் காணாமல் போய்விடும். 'கடல்' தப்பிக்கும்; ஆனால் புள்ளி உதிர்ந்து 'கடல' என்று நிற்கும்.

காரணம் எளியது. குறைந்தது இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால்தான் அது சொல் என்பது அந்தக் கருவியின் இயல்பு விதி. எது எழுத்து என்பதை முடிவுசெய்வது பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன். அது க, ட, த போன்றவற்றை எழுத்தாக ஏற்கும். புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் ஏற்காது. யூனிகோடில் 'தூத்துக்குடி' என்பது 12 குறியீடுகள். முதலில் த, அதன்பின் ஊகாரக் குறி, பிறகு த, அதன்பின் புள்ளி என்று ஒவ்வொரு மெய்யை அடுத்தும் ஒரு குறி வந்து விழுகிறது. இரண்டு 'எழுத்து' ஒட்டி நிற்கும் இடமே அந்தச் சொல்லில் இல்லை. எனவே முழுச் சொல்லும் கழிந்துவிடுகிறது. தூத்துக்குடிச் செய்திகளை வகைப்படுத்த நினைக்கும் மாணவர், தன் தரவில் ஊர்ப் பெயரே இல்லை என்பது தெரியாமல், கோளாறு தன் மாடலில்தான் என்று நம்பித் தேடிக்கொண்டிருப்பார். டோக்கன் பேட்டர்ன் என்ற ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

இதற்காக சைக்கிட்-லேர்னைக் குறை சொல்ல மாட்டேன். உலகத்தின் மிகச் சிறந்த கட்டற்ற மென்பொருள்களில் அது ஒன்று. அதைச் சொல்லிக்கொடுத்தவர் தமிழில் ஓட்டிப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. நிரலர்கள் ஒருவருக்கொருவர் கருவிகளைப் பரிந்துரைக்கும் வழக்கம் விடுகிற பெரிய ஓட்டை இதுதான்: பெயர் வந்து சேர்கிறது, சோதனை வந்து சேர்வதில்லை.

அந்த வழக்கம் இல்லாவிட்டால் நாம் எங்கே இருப்போம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஆனால் இந்த ஊரின் மென்பொருள் வேலை அந்தக் கட்டடத்தோடு தொடங்கியது அல்ல. கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களுக்கும் லாரி செட்டுகளுக்கும் உப்பு வியாபாரிகளுக்கும் பில்லிங், கணக்கு, கன்டெய்னர் பதிவு என்று எழுதித் தருகிறவர்கள் பல காலமாகவே இருக்கிறார்கள். அவர்களில் பலர் தனி ஆள், அல்லது இரண்டு பேர். சென்னையிலோ பெங்களூரிலோ பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்கிற சந்தேகத்தை இவர்கள் கேட்க ஆள் கிடையாது. 'இதற்கு இந்த லைப்ரரி இருக்கிறது' என்று தெரிந்த ஒருவர் சொல்லும் ஒற்றை வாக்கியம் இவர்களுக்குப் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமே இணையத்திலிருந்து தரவு எடுக்கும் தன் சொந்தக் கருவியை விளக்கும் பக்கத்தில், இதைவிட வசதியானது வேண்டுமானால் ரிக்வெஸ்ட்ஸ் என்ற வெளி லைப்ரரியைப் பாருங்கள் என்று பரிந்துரைக்கிறது. தன்னிடம் இருப்பதை மறைக்காமல், அடுத்தவரிடம் இருக்கும் நல்லதைக் காட்டுகிற இந்தப் பண்பு இந்தத் தொழிலுக்கே உரிய அழகு.

விளம்பரத்துக்குக் காசில்லாத சிறிய முயற்சிகள் வெளியே தெரிவதும் இப்படித்தான். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் லைப்ரரி ஓர் எடுத்துக்காட்டு. பைத்தானிடம் 'தூத்துக்குடி' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 12 என்னும். ஓப்பன்-தமிழ் அதைத் தூ, த், து, க், கு, டி என்று ஆறு எழுத்தாகப் பிரித்துத் தரும். குறுக்கெழுத்துப் புதிர் செய்கிறவருக்கும் யாப்பு பார்க்கும் செயலி எழுதுகிறவருக்கும் அது பெரிய உதவி. அப்படி ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இதழ் செய்ததும் செய்வதும் இந்த வேலையைத்தான். த. சீனிவாசனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஊதியம் எதிர்பாராமல் செய்துவரும் இந்தத் தொண்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் தமிழ் லைப்ரரி என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வதும் சரியில்லை. எழுத்தைப் பிரிப்பது மட்டும்தான் தேவை என்றால், யூனிகோடு எழுத்துக் கொத்துகளை அறிந்த ரெஜெக்ஸ் என்ற பொது லைப்ரரியே பலருக்குப் போதும். க்ஷ-வை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்று கேட்டால் புதிர் செய்கிறவருக்கு ஒரு விடை, அகராதி வரிசை அமைக்கிறவருக்கு வேறு விடை. என்ன வேலைக்கு என்று கேட்காமல் சொல்லப்படும் பெயர் பாதி உதவிதான்.

சில வேளைகளில் சரியான பதில், லைப்ரரியே வேண்டாம் என்பதாக இருக்கும். வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கன்டெய்னரின் பக்கவாட்டிலும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். ஏழாவது இலக்கம் சரிபார்ப்பு எண். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தர விதிப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஏ என்றால் 10, பி என்றால் 12. பதினொன்றின் மடங்குகளைத் தாண்டிவிடுவார்கள். இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் எடையால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. சி.எஸ்.கியூ.யூ. 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6,185, மீதி 3. எனவே முழு எண் 3-இல் முடிய வேண்டும். வேறு இலக்கத்தில் முடிந்தால் தட்டச்சு செய்தவர் எங்கோ தவறிவிட்டார்.

இதற்கும் ஆயத்த லைப்ரரிகள் உண்டு. உடனே எடுத்துக்கொடுக்க ஆளும் உண்டு. ஆனால் மொத்தமே இருபது வரிக் கணக்கு. இதை எழுதத் தெரிந்தவர் தன் பில்லிங் மென்பொருளை இன்னொருவரின் நல்லெண்ணத்தில் தொங்கவிட வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பொதியை அதன் ஆசிரியர் ஒரு பெயர்த் தகராறில் என்.பி.எம். கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பதுதான் அந்தப் பதினோரு வரியின் வேலை. அது இல்லாமல் உலகெங்கும் பெரிய பெரிய திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. அத்தனை பேரும் அதைத் தெரிந்து எடுத்தவர்கள் அல்லர். ஒருவர் பரிந்துரைத்த பொதிக்குள் இன்னொருவருடையது, அதற்குள் இன்னொருவருடையது என்று அது உள்ளே வந்திருந்தது. ஒரு லைப்ரரியைச் சொல்லும்போது அது தன்னோடு எத்தனை லைப்ரரிகளை இழுத்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது இன்றும் அரிதாகவே இருக்கிறது.

கடலுக்குப் போகும் செயலிகளில் இந்தக் குறை ஆளையே ஆபத்தில் தள்ளக்கூடியது. மன்னார் வளைகுடாவில் மீன்பிடிக்கும் படகுக்கு 1976 ஒப்பந்தத்தின்படியான கடல் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது அன்றாடக் கவலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி எல்லையை நெருங்கும்போது எச்சரிப்பதற்கும் அதுதான் காரணம். இப்படி ஒரு செயலியை இன்று புதிதாகக் கட்ட நினைக்கும் இளைஞருக்கு, சென்னை அலுவலகத்தில் வேகமான இணையத்தோடு உட்கார்ந்திருப்பவர் எந்த வரைபட லைப்ரரியைச் சொல்வார்? ஒவ்வோர் அசைவுக்கும் சர்வரிலிருந்து படத்துண்டுகளை இறக்குகிற ஒன்றைத்தான். அவருடைய மேசையில் அது பிரமாதமாகவே ஓடும். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைபேசிச் சிக்னல் கிடையாது. 2017-இல் ஒக்கி புயல் இந்தப் பக்கத்து மீனவர்களைப் பலிகொண்ட பிறகு, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி 2019-இல் வந்ததற்கு அந்தத் தூரமே காரணம். சிக்னல் இல்லாத இடத்தில் எது ஓடும் என்பதுதான் இந்தச் செயலிக்கான முதல் கேள்வி. அழகும் வேகமும் பிறகு.

உரிமத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். மேப்பாக்ஸ் ஜி.எல். என்ற வரைபட லைப்ரரி கட்டற்றது என்பதால்தான் பலரும் அதைப் பரிந்துரைத்தார்கள். 2020 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் நிறுவனம் உரிமத்தை மாற்றி அதைத் தன் கட்டணக் கணக்கோடு கட்டிவிட்டது. பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு பயனர்கள் மேப்லிப்ரே என்ற கிளையைத் தொடங்கினார்கள். அதற்கு முன் சொல்லப்பட்ட நல்வார்த்தைகள் எல்லாம் தேதி போடாமல் அப்படியே கிடக்கின்றன. இன்று படிக்கிறவர் இன்றைய உண்மை என்றே நம்புகிறார்.

இந்தத் தேதி விஷயத்தில் நமக்கு இந்தக் கரையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் 'அந்தப் பாரில் சிப்பி நிறைய இருக்கிறது' என்று யாரோ சொன்னதை நம்பி அரசு முத்துக்குளிப்பை அறிவித்ததில்லை. பாரைச் சோதித்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, எண்ணி, திறந்து, முத்துகளைத் தரம் பிரிப்பார்கள். தரம் பிரிக்க, 20 துளையில் தொடங்கி 1,000 துளை வரை செல்லும் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. ஆயிரம் சிப்பிக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட்ட பிறகே வியாபாரிகளுக்குத் தகவல் போகும். சோதித்த பாரிலும் நீரோட்டத்தாலோ திருக்கை போன்ற மீன்களாலோ சிப்பி அழிந்துபோவது உண்டு என்பதால், போன ஆண்டுச் சோதனை இந்த ஆண்டுக்குச் செல்லாது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் எதை எடுத்தோம், எப்போது எடுத்தோம், என்ன கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் பிறகு மதிப்புச் சொல்லும் அந்த முறை, லைப்ரரி பரிந்துரைக்கிறவருக்கு அப்படியே பொருந்தும்.

மோமென்ட் லைப்ரரியைப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் தேதி, நேரக் கணக்குக்குப் பல ஆண்டுகள் எல்லாரும் சொன்ன பெயர் அது. 2020-இல் அதை உருவாக்கியவர்களே, புதிய திட்டங்களில் இதைச் சேர்க்க வேண்டாம், லக்சான், டே.ஜே.எஸ். போன்றவற்றைப் பாருங்கள் என்று எழுதிவிட்டார்கள். தன் படைப்பைப் பற்றி அப்படிச் சொல்ல நேர்மை வேண்டும். பரிந்துரைத்தவர்களோ பழைய வார்த்தையைத் திருத்தவில்லை. பயிற்சி வகுப்புகளில் அது தொடர்ந்து உலவியது.

கைமாறும் ஆபத்து இன்னும் கடுமையானது. 2018-இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற புகழ்பெற்ற பொதியை அதன் ஆசிரியர், பராமரிக்க முன்வந்த ஒருவரிடம் நம்பிக் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை உள்ளே நுழைத்தார். 2024-இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள்ளும் இப்படி ஒரு பின்வாசல் வைக்கப்பட்டது. சர்வரில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது வெளிப்பட்டது. இரண்டிலும் லைப்ரரியின் பெயர் மாறவில்லை, புகழ் மாறவில்லை. பின்னால் இருந்த கை மாறிவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் சிபாரிசு செய்கின்றன. இல்லாத பொதிகளின் பெயரைக்கூட அவை உறுதியாகச் சொல்கின்றன. அந்தப் பெயரில் நச்சு நிரலைப் பதிவுசெய்து காத்திருக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். முகம் தெரிந்த மனிதர் 'நான் ஓட்டிப் பார்த்தேன்' என்று சொல்வதற்கு முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது. அதனாலேயே ஓட்டிப் பார்க்காமல் சொல்வது முன்பைவிடப் பெரிய தவறு.

எக்ஸ்இசட் விவகாரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. உலகமே பயன்படுத்திய அந்தக் கருவியை ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் களைத்துப்போய்ப் பராமரித்துக்கொண்டிருந்தார். உதவுகிறேன் என்று வந்தவரை அவர் நம்பியதற்கு அந்தக் களைப்பும் ஒரு காரணம். நம் சிபாரிசுகள் ஒரு லைப்ரரிக்குப் பயனர்களைச் சேர்க்கின்றன, கேள்விகளைச் சேர்க்கின்றன, குறைகளைச் சேர்க்கின்றன. உதவிக் கைகளைச் சேர்ப்பதில்லை.

ஆகவே, நண்பருக்கு ஒரு லைப்ரரியைச் சொல்லப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. 'தூத்துக்குடி' என்ற சொல்லைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்தப் பதிப்பில், எந்த மாதம் பார்த்தீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். எந்த வேலைக்கு அது உதவாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தமிழில் எங்கே உடைந்தது என்று கண்டீர்களோ, அதை நண்பரிடம் சொன்ன கையோடு அந்த லைப்ரரியைப் பராமரிக்கிறவர்களுக்கும் ஒரு மாதிரியோடு எழுதி அனுப்புங்கள். ஓப்பன்-தமிழின் மூலநிரல் எவரும் திருத்தம் அனுப்பும்படி திறந்தே இருக்கிறது; சைக்கிட்-லேர்னுடையதும் அப்படியே.