வண்ணமும் வட்டியும்

பழைய மாளிகைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "அடடா!" என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு நாவலைப் படித்து முடித்துவிட்டு, "அச்சு நன்றாயிருக்கிறது" என்று சொல்வதைப் போன்றது இது. வீட்டுக்கும் கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு, ஆசிரியர் சொல்லாமல் விட்ட இடங்களும் உண்டு. வாசகன் அவற்றையும் தேடிப் படிக்கத்தான் வேண்டும்.

திருமயம் கோட்டையையும், அதற்குச் சமீபத்திலுள்ள கானாடுகாத்தானையும் ஒரே நாளில் பார்க்க வாய்த்தது. கோட்டை 1687-ல் சேதுபதி மன்னர் கட்டியது என்பார்கள். குன்றின் உச்சியில் பீரங்கி. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள். கோட்டையைப் படிப்பது சுலபம். யாருக்கோ பயந்து கட்டினார்கள் என்பதை மதிலே சொல்லிவிடுகிறது.

கானாடுகாத்தான் அப்படிச் சுலபத்தில் பிடிபடுவதில்லை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை வாசல் என்று நீளும் வீடுகள். உள்ளே பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு. தூண்களுக்குப் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர், இன்றும் கண்ணாடி போலிருக்கிறது. அதற்கு மேலே, கூரையை ஒட்டி, சித்திரங்கள்.

சித்திரங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொடி, பூ, பறவை என்று பரம்பரையாகக் கை பழகியதை எழுதின இடத்தில் தூரிகை சந்தோஷமாக ஓடியிருக்கிறது. அச்சுப் படத்தைப் பார்த்து எழுதின தெய்வங்களின் முகத்தில் உயிர் குறைவு. கோயில் சுவரிலே சுதந்திரமாக இருந்த கை, பணக்காரர் வீட்டுச் சுவரில் கொஞ்சம் கூசியிருக்கிறது.

ஆனால் நான் பார்த்த சுவர்களில் இல்லாத ஒன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ராஜஸ்தானத்தில், ஷேகாவதிப் பிரதேசத்து மண்டாவா போன்ற கோட்டை ஊர்களிலும் வியாபாரிகளின் சித்திர மாளிகைகள் உண்டு. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய்ச் சம்பாதித்தவர்கள் அவர்கள். அந்தச் சுவர்களில் ரயில் ஓடுகிறது, மோட்டார் போகிறது. பணம் வந்த வழி ஓரளவாவது தெரிகிறது. கானாடுகாத்தானில் நான் ஒரு நெல் வயலைக்கூடப் பார்க்கவில்லை. இந்த மாளிகைகளில் பலவற்றை எழுப்பிய பணம் ஐராவதி நதியின் நெல் வயல்களிலிருந்து வந்தது.

கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைக்கு வந்திருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு. 1938-ல் 25 பங்கு. ஆசைப்பட்டு வாங்கிய நிலமல்ல. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த வயல் வந்து சேர்ந்தது. வட்டித் தொழில் செய்கிறவருக்கு நிலம் என்பது முடங்கிப்போன முதல். அவருக்கும் நஷ்டந்தான். விவசாயிக்கோ பூமியே போயிற்று.

நான் வேதாரண்யத்துக்காரன். அந்த வருஷங்களில் பர்மா அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்க, தஞ்சை நெல்லும் விலை சரிந்து கிடந்தது. ஐராவதிக் கரையிலே நொந்தவனும் காவிரிக் கரையிலே நொந்தவனும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். நகரத்தாரோ, தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். எங்கள் கடற்கரையிலிருந்து புறப்பட்ட கதை, பர்மாவைச் சுற்றிக்கொண்டு எங்கள் களத்துமேட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு பாத்திரத்தையும் விட்டுவிடக்கூடாது. கொண்டுவிற்கப் போனவர் மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்புவார். அத்தனை பெரிய வளவில் மழையையும் வெயிலையும் பார்த்துக்கொண்டு வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். அந்தச் சித்திரங்களைத் தினமும் அண்ணாந்து பார்த்த கண்கள் அவர்களுடையவை.

1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் செய்தது. வந்த வயல் போயிற்று. வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில இன்று ஓட்டல்கள். இடித்த வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன.

இவற்றைக் காப்பாற்றத்தான் வேண்டும். இப்படி இழைத்த சுவர் இனி எளிதில் எழும்பாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அழகப்பா கல்லூரியும் இந்தச் சமூகத்தின் பணத்தில் எழுந்தவை என்பதையும் மறப்பதற்கில்லை. ஆனால் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர், தேக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். தேக்குக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதைக் கேட்டால் அழகு குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்க்க வந்தவர் "அடடா!" என்பதற்கு முன் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் நான் ரசனை என்று சொல்வேன்.