எடைக்கு வந்த ராஜா

டெக்ட்ரானிக்ஸ் 465! 1972-இல் வெளிவந்த ஆசிலோஸ்கோப், மின் அலையைத் திரையில் காட்டும் கருவி. 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல். அப்பேர்ப்பட்ட ராஜா காயலான் கடையில் துருப்பிடித்த டேபிள் ஃபேன்களுக்கு நடுவே கிடந்தால் விட்டுவிட்டு வர மனசு வருமா? கடைக்காரர் தராசில் ஏற்றி விலை சொன்னார். பேரம்கூடப் பேசாமல் ஆட்டோவில் மடியில் வைத்து மயிலாப்பூருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மூடியைக் கழற்றியதும் கை வைக்கக் கூடாது. பிக்சர் டியூபுக்குப் போவது ஆயிரக்கணக்கான வோல்ட். அதை முறையாக இறக்கிவிட்டு உள்ளே பாருங்கள், அடடா! தங்க முலாம் பூசிய ஸ்விட்ச் தகடுகள் இன்னும் மின்னுகின்றன. சர்வீஸ் மேனுவலோ பொக்கிஷம். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும், அலை எப்படித் தெரிய வேண்டும், எல்லாம் படத்தோடு இருக்கிறது. இன்றைய செல்போனுக்கு இப்படி ஒரு புத்தகம் யார் கொடுக்கிறார்கள்?

110, 55, 15, 5, மைனஸ் 8 என்று ஐந்து சப்ளை. என் ஸ்கோப்பில் 15 வோல்ட் சுத்தமாக இல்லை. இந்த வியாதி பெரும்பாலும் டான்டலம் கண்டன்சரால் வருவது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய சொட்டு. வயதானால் ஷார்ட்டாகி மொத்த சப்ளையையும் உட்காரவைத்துவிடும். ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கிப் பார்த்ததில் ஆள் அகப்பட்டான். ரிச்சி தெருவில் புதுசு வாங்க டீ, பஜ்ஜி செலவுதான் ஆனது.

எல்லாமே அங்கே கிடைத்துவிடாது. டெக்ட்ரானிக்ஸ் தனக்கென்றே செய்த ஐசி போய்விட்டால் இன்னொரு செத்த ஸ்கோப்தான் கதி. அதனால்தான் அடையாறு நண்பர் ஒருவர் பரணில் கழித்துக்கட்டிய மெஷின்களை அடுக்கி வைத்திருக்கிறார். குமிழ், ஸ்விட்ச், டிரான்ஸ்ஃபார்மர் எதையும் எறிய மாட்டார். அவர் வீட்டம்மா வேறு மாதிரி சொல்வார், அது இங்கே வேண்டாம்.

465-க்கும் மூத்த டெக்ட்ரானிக்ஸ் 545-இல் இன்னொரு அதிசயம். பாகங்களைப் பற்றவைத்த பீங்கான் பட்டைகளின் வெள்ளிப் பூச்சு சாதாரண ஈயத்தில் கரைந்துவிடும். அதற்காக வெள்ளி கலந்த ஈயக் கம்பியை ஒரு சின்னச் சுருளாகப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். என்றோ, எங்கோ ரிப்பேர் பார்க்கப்போகிறவனை நினைத்துச் செய்த மனுஷர்கள்!

புதுக் கண்டன்சரை வைத்து என் 465-இன் ஸ்விட்சைப் போட்டேன். பச்சைக் கோடு வந்தது. அதன் சொந்த ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்தேன். மூலை மழுங்காமல் அப்படியே நின்றது. ஐம்பது வருஷத்துச் சரக்கு சார் இது!

தி. நகரிலோ மந்தைவெளியிலோ உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் மீட்டர், ஸ்கோப் ஏதாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ரிப்பேர் தெரிந்தவர் யாரிடமாவது கொடுங்கள்.