நீல்ஸ் போர் காட்டிய கிண்ணம்

டென்மார்க்கு நாட்டு அறிஞர் நீல்ஸ் போர் காட்டிய ஓர் உவமை 1936ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஆழமில்லாக் கிண்ணமொன்றில் பில்லியர்ட்ஸ் பந்துகள் சில கிடக்கின்றன. வெளியிலிருந்து ஒரு பந்து விரைந்து வந்து விழுகிறது. கிண்ணம் வெறுமையாயின் அஃது ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறிப் போய்விடும். பந்துகள் இருப்பதாலோ வந்ததன் ஆற்றல் எல்லாவற்றுக்கும் பங்காகிவிடுகிறது. விளிம்பருகே ஏதேனும் ஒன்றுக்குத் தற்செயலாய்ப் போதிய ஆற்றல் சேரும்வரை எதுவும் வெளியேறாது. இந்த இடைநிலையே கூட்டுக்கரு.

இவ்வுவமை வெறும் அணியன்று. ரோம் நகரில் பெர்மி குழுவினர் 1934-35இல் தொடங்கிய ஆய்வுகளின் வழியே, மெதுவான நியூட்ரான்களைச் சில அணுக்கருக்கள் குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டும் பெரிதும் விழுங்குவது தெரியவந்தது. ஆற்றல் எல்லை குறுகியதாயின் அந்நிலையின் வாழ்நாள் நீண்டதாதல் வேண்டும். கருவைக் கடக்கும் நேரத்தைப்போல் பல இலட்சம் மடங்கு நியூட்ரான் உள்ளே தங்குகிறது! பழைய கணக்கு இதற்கு விடை கூறவில்லை, கிண்ணம் கூறியது.

தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். போரின் கிண்ணம் வினையுவமம். அதனை மெய்யுவமமாகக் கொண்டு, கருவினுள் துகள்கள் ஓயாது முட்டிக்கொண்டிருக்கின்றன என எழுதுவோர் இடறுகின்றனர். அமைதி நிலையில் அவை தத்தம் பாதையில் இயங்குவதாகக் கொண்ட கூட்டு அடுக்குக் கொள்கையை மரியா கெப்பெர்ட் மேயரும் யென்சனும் 1949இல் நிறுவினரன்றோ?

‘கூட்டுக்கரு தன் பிறப்பை மறந்துவிடும்’ என்னும் தொடரும் ஆராயத்தக்கது. 1950இல் பெர்க்கிலியில் கோஷல் என்னும் இந்திய அறிஞர் இதனைச் சோதித்தார். நிக்கல் 60 மீது ஆல்பாத் துகளையும் செம்பு 63 மீது புரோட்டானையும் செலுத்தினார். இரண்டாலும் தோன்றுவது துத்தநாகம் 64. ஒரு நியூட்ரான் வெளியேறுதல், இரண்டு நியூட்ரான் வெளியேறுதல், புரோட்டானும் நியூட்ரானும் வெளியேறுதல் ஆகிய மூன்றின் விகிதமும் இருவழியிலும் ஏறத்தாழ ஒத்திருந்தன. அழகிய சோதனை! எனினும் மறதி முழுமையானதன்று. ஆற்றலும் கோண உந்தமும் மறக்கப்படுவதில்லை. 1952இல் ஹாசரும் பெஷ்பாக்கும் கோண உந்தத்தைக் கணக்கில் சேர்த்தே சூத்திரம் அமைத்தனர். விகிதம் ஒத்தமையை மட்டும் கூறி இதனை விட்டுவிடும் பாடநூல், மாணவனுக்குப் பாதியே தருகிறது.

வேகம் மிகுந்த துகள் விளிம்பைத் தீண்டி முன்னோக்கிப் பாய்ந்துவிடும். அதற்குக் கிண்ணத்தில் இடமில்லை. பங்கீடு முடியுமுன்பே வெளியேறும் துகள்களுக்கோ கிரிபின் 1966இல் தனிக் கணக்கு வகுக்க நேர்ந்தது.