பெல்ட்டர்கள் கல்யாணத்துக்கு என்ன போடுவார்கள்?

எதிர்காலத்தில் விருந்துக்கு என்ன போட்டுக்கொண்டு போவார்கள்? அறிவியல் புனைகதை சீரியல்களின் வழக்கமான பதில் ரொம்பச் சோம்பேறித்தனமானது. கோட்டிலிருந்து காலரைப் பிடுங்கு, டையைக் கழற்று, பட்டனை மறை. முடிந்தது, 24-ஆம் நூற்றாண்டு.

1987-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' விருந்துகளுக்கென்றே கேப்டன் பிக்கார்டுக்கு ஒரு நீள அங்கி கொடுத்தது. நம்ம கண்ணுக்கு அது கிட்டத்தட்ட ஷெர்வானி. அதைவிட எனக்குப் பிடித்தது தினசரிச் சீருடையின் கதைதான். முதல் இரண்டு சீசனில் உடம்போடு ஒட்டிய ஸ்பான்டெக்ஸ். நடிகர்களுக்கு முதுகுவலியே வந்துவிட்டது. மூன்றாவது சீசனில் இரண்டு துண்டாகத் தைத்த கம்பளி உடை. பேட்ரிக் ஸ்டூவர்ட் உட்கார்ந்து எழும்போதெல்லாம் அது மேலே ஏறிக்கொள்ளும், அவர் கீழே இழுத்துவிடுவார். அந்த இழுப்பில்தான் அது உடையாக மாறுகிறது. அதுவரை காஸ்ட்யூம்.

'தி எக்ஸ்பான்ஸ்' (2015–2022) இதில் ஒரு படி மேலே போனது. ஐ.நா.வின் அதிகார உச்சியில் இருக்கும் கிரிஸ்ஜென் அவசரளா புடவையிலும், புடவை மாதிரி தைத்த கவுன்களிலும், கழுத்து கொள்ளாத நகைகளிலும் வருவார். நடித்தவர் ஈரானில் பிறந்த ஷோரே அக்தஷ்லூ. எடையில்லாத வெளியில் முந்தானை என்ன ஆகும், கொசுவம் நிற்குமா என்று என் இன்ஜினியர் மூளை ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. பரவாயில்லை. எதிர்காலத்தின் ராஜ உடை டக்ஸீடோவாகத்தான் இருக்கணும் என்று அந்தத் தொடர் நினைக்கவில்லை.

ஆனால் அது அதிகாரத்தின் புடவை. அதே தொடரில் சிறுகோள்களில் உழைக்கும் பெல்ட்டர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களுக்காக நிக் ஃபார்மர் என்கிற மொழியியலாளர் ஒரு மொழியையே உருவாக்கினார். பச்சைகுத்தல் இருக்கிறது, கைச்சைகைகள் இருக்கின்றன. ஒரு கல்யாண உடை மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகத்தில் நிற்பதெல்லாம் அழுக்கு ஜம்ப்சூட். உழைக்கிறவனுக்கு ஷிஃப்ட் உண்டு, சாயங்காலம் கிடையாது!

ஓசூரிலிருந்து பார்ப்பதால் இது எனக்கு உறுத்துகிறதோ என்னவோ. வாட்ச், பைக், லாரி, இப்போது ஐபோன் பாகங்கள் என்று எல்லாம் செய்கிற ஊர். ஆன்டி-ஸ்டேட்டிக் கோட்டும் தலைக்குல்லாயும் போட்டு வேலை பார்க்கும் பெண்களைப் பார்த்தால் யார் தர்மபுரி, யார் ஜார்க்கண்ட் என்று சொல்ல முடியாது. சினிமாக்காரன் கற்பனை செய்யும் எதிர்காலம் அப்படியே இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போய்ப் பாருங்க. அதே பெண் ஆரி வேலை ஜாக்கெட்டில் ரிசப்ஷன் மேடையேறி போட்டோவுக்கு நிற்பாள். மாப்பிள்ளை வாடகை கோட்-சூட்டில், கை கொஞ்சம் நீளமாக. இந்த இரண்டு உடைகளுக்கு நடுவில் எவ்வளவு சம்பளக் கணக்கு, எவ்வளவு ஆசை. எந்த ஸ்பேஸ் சீரியலும் அந்த இடத்துக்கு வரவில்லை.

'எக்ஸ்பான்ஸ்' ஒரே ஒரு தடவை கிட்டே வருகிறது. செரெஸில் வாழும் டிடெக்டிவ் மில்லர் எப்போதும் ஒரு தொப்பி வைத்திருப்பான். எதுக்குடா இது என்று கேட்டால், மழையில் நனையாமல் இருக்க என்பான். செரெஸில் மழையே கிடையாது. தொடர் அதை ஒரு ஜோக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மே மாதம், கிருஷ்ணகிரியில், ஏசி இல்லாத மண்டபத்தில் த்ரீ-பீஸ் சூட்டில் நிற்கிற மாப்பிள்ளையிடம் அந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்க, சிரிக்க மாட்டான்.