அறிவித்தார், தடுத்தாரா?

2025 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் தன் உயரிய விருதான ‘சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்’தைத் தமிழ்நாட்டின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம், வனத் துறைச் செயலாளர் சுப்ரியா சாஹுவுக்கு வழங்கியது. அவர் முன்னெடுத்த பணிகளால் 25 லட்சம் பசுமை வேலைகள் உருவாகியிருக்கலாம், 1 கோடியே 20 லட்சம் பேர் பயனடைந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீட்டையும் அந்த அமைப்பு சொன்னது. நம் ஊடகங்கள் அந்த எண்களை அப்படியே எடுத்துப் போட்டன. நாற்றங்காலில் சில மாதக் கூலிக்குப் போனதும் அதில் ஒரு வேலையா, பயன் என்றால் என்ன பயன் என்றெல்லாம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. விருதுக் குறிப்பை வைத்து ஓர் அதிகாரியை எடைபோட முடியாது. நிலத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அதற்குத் தாம்பரம் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது 2022 செப்டம்பரில், வண்டலூர் உயிரியல் பூங்காவில். உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் அதே ஆண்டு ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 2015-இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மீண்டும் முழுகின. பெரும்பாக்கமும் வேளச்சேரியும் தப்பவில்லை. காலநிலைக் கொள்கை என்று எதைச் சொன்னாலும், அது இங்கே தண்ணீர் வடிகிறதா என்பதில் வந்து நின்றாக வேண்டும்.

சாஹு 1991-ஆம் ஆண்டு ஐஏஎஸ் அணியைச் சேர்ந்தவர். நீலகிரி ஆட்சியராக இருந்தபோதுதான் அவருடைய பாணி உருவானது. மலையில் பிளாஸ்டிக்குக்கு எதிராக ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ இயக்கம், 2003-இல் ஒரே நாளில் 42,182 மரக்கன்று நட்டு கின்னஸ் சாதனை. கண்ணில் படும்படி ஒரு காரியம், அதற்கு ஊரைத் திரட்டுதல், பின்னாலேயே ஓர் உத்தரவு. இந்த வரிசை அவரை விட்டுப் போகவே இல்லை. நடுவில் தூர்தர்ஷன் தலைமை இயக்குநர், பிறகு குன்னூரில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவான இன்ட்கோசர்வின் தலைமை என்று சுற்றிவிட்டு, 2021-இல் இந்தத் துறைக்கு வந்தார். துறையின் பெயரில் ‘காலநிலை மாற்றம்’ சேர்ந்ததும் அப்போதுதான்.

அடுத்த மூன்றாண்டுகளில் நடந்ததைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பசுமை காலநிலை நிறுவனம் என்று ஒரு தனி அமைப்பு. அதன் கீழே காலநிலை, பசுமைப் பரப்பு, சதுப்புநிலம் என மூன்று இயக்கங்கள். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை இயக்கம். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகம், கடவூரில் தேவாங்குச் சரணாலயம், அகத்தியமலையில் யானைக் காப்பகம், வரையாடு திட்டம். 2022-க்கு முன் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு ராம்சார் தலம், கோடியக்கரை மட்டும். 2025 தொடக்கத்தில் 20. மதுக்கரையில் ரயிலில் அடிபட்டு யானைகள் சாவதைத் தடுக்க, செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் தண்டவாளத்தை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. யானை நெருங்கினால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. இது அறிவிப்போடு நிற்காத வேலை. வனவிலங்குப் பக்கத்தில் அவருக்கு முழு மதிப்பெண் போட எனக்குத் தயக்கமில்லை.

பசுமைப் பரப்புக் கணக்குக்கு அப்படிப் போட முடியவில்லை. 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடு, பத்தே ஆண்டில் என்பது இலக்கு. இந்திய வன அளவைத் துறையின் 2023 அறிக்கையிலும் தமிழ்நாட்டின் வனப் பரப்பு (மரப் பரப்பு நீங்கலாக) 20 விழுக்காட்டைச் சற்றே தாண்டித்தான் நிற்கிறது. முந்தைய அறிக்கையோடு பார்த்தால் பெரிய மாற்றமில்லை. நட்ட கன்று மரமாக நாளாகும் என்ற பதில் சரியானது. ஆனால் மேடையில் சொல்லப்படுவது எப்போதும் நட்ட கணக்கு. பிழைத்த கணக்கு வருவதே இல்லை.

மஞ்சப்பை சங்கதியும் இதே ரகம்தான். பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ வந்தது. கல்யாணத் தாம்பூலப் பையாகக் கேலிக்குள்ளான ஒரு பொருளை மறுபடி மரியாதைக்குரியதாக்கியது சாமர்த்தியமான யோசனை. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. தாம்பரம் சண்முகம் சாலையில் சாயங்காலம் நடந்துபாருங்கள். இரண்டு முழம் மல்லிகையும் ஒரு கட்டு கீரையும் இன்னமும் மெல்லிய கேரி பேக்கில்தான் கைமாறுகின்றன. வாங்குகிறவர் கேட்கிறார், விற்கிறவர் கொடுக்கிறார். அந்தப் பை எந்த ஆலையில் தயாராகிறது என்பது இருவருக்கும் தெரியாது. மாறாக, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தருகிறார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்துவிடுகின்றன. குடிமகன்கள் திடீரென்று இயற்கை ஆர்வலர்களாகிவிட்டார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பிரச்சாரம் தொடாத இடத்தைப் பத்து ரூபாய் தொடுகிறது.

இனி பள்ளிக்கரணை. தீர்ப்பு இங்கேதான் இருக்கிறது.

சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம், அது நிறைந்தால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை. இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர், சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலத்திலிருந்து இந்தச் சதுப்பில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் கழிமுகத்துக்கும் போகிறது. தென்சென்னையின் வடிகால் என்றால் இதுதான். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நிலம். பெருங்குடி குப்பைமேடு, துரைப்பாக்கம் ரேடியல் சாலை, ஐடி வளாகங்கள் என்று அரித்துத் தின்றதில் மிஞ்சியது கொஞ்சம். பள்ளிக்கரணையிலேயே பெருங்கடலை ஆராயும் மத்திய அரசு நிறுவனம், பக்கத்திலேயே காற்றாலை ஆற்றல் நிறுவனம். சதுப்பில் முதலில் அஸ்திவாரம் போட்டவர்களின் வரிசையில் அரசாங்கமும் உண்டு.

அந்த நிலத்தில் 1,247 ஹெக்டேரை 2022-இல் ராம்சார் தலமாக்கியது சாஹுவின் துறைதான். இது பெயர்ப்பலகை மட்டுமல்ல. 2017 சதுப்புநில விதிகள் ராம்சார் தலங்களுக்குப் பொருந்தும். அந்த எல்லைக்குள் நிரந்தரக் கட்டுமானத்துக்கு விதி இடம் தருவதில்லை. எல்லைக்கு வெளியேயும் ‘தாக்கப் பகுதி’ ஒன்றை வரையறுத்து, அங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று மாநிலச் சதுப்புநில ஆணையம் முடிவுசெய்ய வேண்டும்.

மூன்று ஆண்டுக்கு மேல் கடந்தும், 2025-இல் அந்த எல்லைகளைக் குறிக்கும் வரைபடம் முடிந்திருக்கவில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, கள ஆய்வு முடியும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய அனுமதி தரக்கூடாது என்றது. அடுத்த மாதமே, பெரும்பாக்கத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளுக்கு ராம்சார் எல்லைக்குள் அனுமதி தரப்பட்டிருப்பதாக அறப்போர் இயக்கம் என்ற தன்னார்வ அமைப்பு ஆவணங்களை வெளியிட்டது. உயர் நீதிமன்றம் அக்டோபர் இறுதியில் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசுத் தரப்பு சொன்ன விளக்கம் இது: 698 ஹெக்டேர் காப்புக் காடு, மீதி 550 ஹெக்டேர் எந்தெந்தச் சர்வே எண்களில் வருகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை, சர்ச்சைக்குரிய இடம் பட்டா நிலம்.

இந்த விளக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். உலகத்துக்கு 1,247 ஹெக்டேர் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் ஏறத்தாழ பாதி எங்கே இருக்கிறது என்பது உள்ளூர்ப் பதிவேட்டில் இருக்கவில்லை.

இதை சாஹுவின் தலையில் முழுதாகக் கட்டுவது சரியா? 2024 ஜூலையில் அவர் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டார்; 2025 பிப்ரவரியில்தான் திரும்பினார். பெரும்பாக்கத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த 2025 ஜனவரியில் அவர் இந்த நாற்காலியில் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி தரும் மாநில ஆணையம் மத்தியச் சட்டத்தின் கீழ் அமைவது. செயலாளரின் கையெழுத்துக்குக் காத்திருப்பது அல்ல. திட்ட அனுமதி தந்த சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) வீட்டுவசதித் துறையைச் சேர்ந்தது. செம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி நீர்வளத் துறையுடையது, கரைச் சாலை தாம்பரம் மாநகராட்சியுடையது, பட்டா வருவாய்த் துறையுடையது. ஆக, அவருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வாதம் வலுவானதுதான்: சுற்றுச்சூழல் செயலாளருக்குப் பேர் மட்டும்தான் பெரிது, சாவிக்கொத்து வேறு இடங்களில் இருக்கிறது.

வாதத்தை ஏற்கலாம், பாதி தூரம்வரை. இரண்டு சாவிகள் அவர் துறையிலேயே தொங்கின. ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஏரிக்குள் சாக்கடையை விடும் உள்ளாட்சி அமைப்பின் மீது 1974 நீர்ச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்க அதற்கு அதிகாரம் உண்டு. செம்பாக்கம் ஏரியைத் தொண்டு நிறுவனங்களும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து தூர்வாரிச் சுத்திகரித்தன. சிட்லபாக்கம் ஏரிக்கு அரசு 25 கோடி ஒதுக்கியது. இரண்டிலும் உண்மையான எதிரி நாள்தவறாமல் வரும் கழிவுநீர். தூர்வாரப் பணம் வந்த வேகத்தில், கழிவுநீரை நிறுத்தும் உத்தரவு வரவில்லை. இரண்டாவது, சதுப்புநில ஆணையம். எல்லையைச் சர்வே எண்ணோடு அறிவித்து சிஎம்டிஏவுக்கும் பதிவுத் துறைக்கும் அனுப்ப வேண்டியது அதன் வேலை. 2022 முதல் 2024 நடுப்பகுதிவரை துறை இவர் கையில்தான் இருந்தது. ஒரே நாளில் 42,182 கன்று நடும் நிர்வாகத் திறமைக்கு, இரண்டு ஆண்டில் 550 ஹெக்டேரை அளந்து முடிப்பது எட்டாத காரியமா?

எட்டாதது அல்ல, அதில் கைதட்டல் இல்லை, எதிரிகள் உண்டு. கடற்பசுவுக்குக் காப்பகம் அறிவித்தால் ரியல் எஸ்டேட்காரர் யாரும் கோட்டைக்கு வந்து நிற்கப் போவதில்லை. பெரும்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் ஒரு சர்வே எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டால், மாலைக்குள் யாருடைய தொலைபேசியோ அடிக்கும். சாஹுவின் வெற்றிகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், நிலத்தின் விலை குறைவான இடங்களில் அவை அடர்த்தியாக இருக்கின்றன. நிலத்தின் விலை ஏறிய இடங்களில் அறிவிப்புகள் இருக்கின்றன, வேலிகள் இல்லை. அவருடைய நேர்மையைப் பற்றி நான் இதில் எதுவும் சொல்ல வரவில்லை. அரசியல் தலைமை எவ்வளவு தூரம் பின்னால் நின்றது என்பதும் இதில் சேரும். ஆனால் கொள்கையின் முகமாக ஒருவர் விருது மேடையில் நிற்கும்போது, கொள்கை நின்றுபோன இடமும் அவர் கணக்கில்தான் எழுதப்படும்.

ஆகவே என் முடிவு: வனவிலங்குப் பாதுகாப்பிலும் நிறுவனங்களை உருவாக்குவதிலும் சுப்ரியா சாஹு இந்தத் தலைமுறையில் தமிழ்நாடு கண்ட மிகத் திறமையான சுற்றுச்சூழல் நிர்வாகி, விருது தகும். நகரத்தின் வெள்ளத்தையும் வெப்பத்தையும் எதிர்கொள்ள வேண்டிய காலநிலை நிர்வாகத்தில், இன்னொரு துறை தரும் அனுமதியை நிறுத்தும் பலத்தை அவர் தன் துறைக்குப் பெற்றுத்தரவில்லை. அந்த வேலையை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் ஒரு தன்னார்வ அமைப்பும் செய்தன.

இதற்கிடையே மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டா, வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ அனுமதி மூன்றும் கையில் இருக்கிறது என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சர்வே எண் ராம்சார் எல்லைக்குள் வருகிறதா என்று வனத் துறைக்கு எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.