விமோசனத்துக்குப் பின்

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929ல் ராஜாஜி, கல்கியைத் துணையாகக் கொண்டு, மதுவிலக்குக்கென ஒரு பத்திரிகை நடத்தினார். பெயர் 'விமோசனம்'. சாபம் நீங்கினால் நீங்கியதுதான் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நான் படித்த மதுவிலக்குக் கதைகள் அனேகமும் சத்தியம் செய்யும் இடத்தில் முடிந்துவிடுகின்றன. உடம்பின் கதை அங்கேதான் ஆரம்பம். நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும். சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். வைத்தியமின்றி உயிரும் போகலாம். தாண்டியவனும் மாதங்கள் கழித்து மறுபடி விழலாம்.

இந்த இரண்டாம் வீழ்ச்சியை, குடியே வராத ஒரு கதையில்தான் கண்டேன்: புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்'. மீட்ட ராமனே சீதையிடம் நிரூபணம் கேட்டான் என்று அறிந்தபின் அகலிகை மறுபடி கல்லாகிறாள். ஆசிரியர் அவளைக் கண்டிக்கவில்லை. நான் குடியை விட்டு நாலு வருஷமாகிறது. வீட்டில் இன்னும் வாயை மோந்து பார்க்கிறார்கள். போதனைக் கதைகளைவிட அந்தக் கல்தான் எனக்குப் புரிகிறது.