நான்கு சதுரங்களில் ஒரு வீடு

வாசல், மாடிப்படி, கொல்லைப்புறம், மதிலோரம் என நான்கு சதுரங்களாகக் கணினித் திரையில் விரியும் சொந்த வீட்டை ஆற அமரப் பார்ப்பதில் உள்ள ரசம், கள்வர் பயத்தால் காமிராவை மாட்டியவர்களுக்கும் நாளடைவில்தான் புலப்படுகிறது. அந்தி மயங்கும் தருணத்தில், லென்ஸின் பின்னுள்ள சிறு வடிகட்டி ‘டிக்’கென்று விலக, வர்ணங்கள் யாவும் வடிந்து, அகச்சிவப்பு ஒளியில் செம்பருத்தி இலைகள் வெளிறித் துலங்க, பூனையின் கண்கள் மின்ன, லென்ஸின் முன் சிலந்தி பின்னிய இழையொன்று வெள்ளிக் கம்பியாய்க் காற்றில் அசையும் அந்தக் காட்சி உண்மையிலேயே மனோகரமானது.

அலமாரியில் மெல்ல முனகியபடி 24 மணி நேரமும் சிரத்தையோடு பதிவுசெய்யும் ரெக்கார்டர், ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் மிகப் பழைய நாளை அழித்துப் புதிய நாளுக்கு இடம் தருகிறது. ஆகவே, மனத்துக்கு உவந்த காட்சி எதுவாயினும் அன்றைக்கே தனியே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.